புளிக்காரம்மா வீடு பார்த்த வருஷம்

விற்பனைக்கு வைத்த வீட்டில் குடியிருந்திருக்கிறீர்களா? நம் வயதுக்காரர்களில் சிலருக்காவது அந்த அனுபவம் இருக்கும். சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கியிருப்பது போன்றது அது. சுவரில் சாயக் கூடாது, எண்ணெய்த் தலை பட்டுக் கறையாகும். கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. கருவாடு வறுக்கக் கூடாது. யாராவது பார்க்க வந்துவிட்டால் முகம் சுளிப்பார்கள். ஈரத்துணியை முன்பக்கம் காயப்போடக் கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் முழுக்க, பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுக்குள் நாங்கள் இப்படித்தான் பதுங்கிப் பதுங்கி நடந்துகொண்டிருந்தோம்.

அப்பா பெங்களூருக்குப் போய்விட்டிருந்தார். அம்மாவின் அண்ணன் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். உள்ளூர்க் கடலை மண்டியில் அப்பா பார்த்துவந்த கணக்கு வேலை, மழை பொய்த்ததில் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. வீட்டை விற்று அந்தப் பணத்தைக் கொண்டுபோனால் மாமா கடையில் அப்பா கூட்டாளி. இல்லாவிட்டால் துணி மடித்துப்போடும் சம்பளக்காரர். அப்பா முன்னால் போவது, வீடு விற்றதும் நாங்கள் பின்னால் போவது என்று ஏற்பாடு. ஆடி போகட்டும், ஆவணியில் முடிந்துவிடும் என்று தரகர் சொல்லியிருந்தார்.

அந்த நம்பிக்கையில் பெரிய சாமான்களை எல்லாம் முன்கூட்டியே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கட்டில் போயிற்று, நிலைக்கண்ணாடி போயிற்று, கூடத்துச் சுவர்க் கடிகாரம் போயிற்று. கடிகாரம் மாட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு அழுக்குப் படாமல் அதன் உருவத்திலேயே வெள்ளையாக நின்றது. மணி என்ன என்று யாராவது கேட்டால் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் அந்த வெள்ளையைத்தான் நிமிர்ந்து பார்ப்போம். அக்கா அண்டாத் தண்ணீரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். சாமான் போனதும் வீடு பெரிதாகிவிட்டிருந்தது. பேசினால் பேச்சு கொஞ்ச தூரம் நடந்துபோய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தது.

எனக்கு அது பிடித்திருந்தது. பத்து வயசுப் பெண்ணுக்கு வெறும் அறைகள் என்றால் எவ்வளவு இடம், யோசித்துப் பாருங்கள். பின்னறை என்னுடையது என்று நானே வைத்துக்கொண்டேன். அதன் ஜன்னலில் சித்தேரி மலை தெரியும். காலையில் நீலமாக இருக்கும். உச்சிவெயிலில் புழுதியில் கரைந்து காணாமலே போய்விடும். சாயங்காலம் முன்னைவிடக் கிட்டே வந்து உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மாதுளை. தண்ணீர் இல்லாமல் காய்க்கவில்லை, ஆனால் பூத்துக்கொண்டே இருந்தது. சிவப்புப் பூக்கள் உதிர்ந்து ஜன்னல் கட்டையில் விழும். அவற்றை வரிசையாக வைத்துக்கொண்டு நான் சும்மா படுத்திருப்பேன்.

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். முதலில் நிறைய, பிறகு எப்போதாவது. ஒரு வாத்தியார் வந்து விரலை மடக்கி ஒவ்வொரு சுவராகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், டாக்டர் முதுகைத் தட்டுகிற மாதிரி. தர்மபுரியிலிருந்து ஒரு பாய் வந்தார், பாத்திரக் கடைக்காரர். எங்களுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கெட் வாங்கி வந்திருந்தார். தெருவில் ஆள் நடமாட்டம் போதாது, கடை வைக்கத் தோதுப்படாது என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. நெல் மூட்டையை எந்த மூலையில் அடுக்குவது என்று எங்கள் கூடத்திலேயே சண்டை போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் போய்விட்டது.

தரகர் சைக்கிளில் வருவார். வெறுங்கையோடு வருவதற்குக் கூச்சப்பட்டோ என்னவோ, வந்ததும் வராததுமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"மார்க்கெட்டு படுத்துக் கெடக்குதுங்கம்மா. கையில காசு வெச்சிருக்கறவன் எல்லாம் கெணத்துல கொட்டறான். இன்னும் ரெண்டு கஜம் தோண்டுனா தண்ணி வந்துரும்னு வெடி வெக்கறான். வூட்டுக்கு யாருங்க இப்ப காசு போடறது? வூடு என்ன வெளையவா போவுது?"

அது உண்மைதான். மத்தியானத்தில் எங்கோ காட்டுப்பக்கம் கிணற்று வெடி கேட்கும். ஜன்னல் கம்பிகள் லேசாக முனகும். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "இன்னொரு ஆளு போச்சு" என்பாள்.

அக்காவுக்குக் கையெழுத்து அழகு. 'இவ்வீடு விற்பனைக்கு' என்று ஒரு பழைய பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி முன் ஜன்னலில் கட்டியிருந்தாள். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ஆவணி மாதத்துச் சந்தை நாள் ஒன்றில் ஒருத்தி உள்ளே வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தெருவில் போன ஒரு பையனிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதை அவளே எங்களிடம் சொன்னாள்.

முப்பத்தைந்து வயசு இருக்கும். வெளுத்துப்போன ஊதாச் சேலை. தலையில் காலிக் கூடை. அவள் வருவதற்கு முன்பே புளிவாசம் வந்தது. மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து சந்தைக்குப் புளி கொண்டுவந்து விற்கிறவள். மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, உருண்டை பிடித்து விற்பாள். கட்டைவிரல்கள் இரண்டும் புளிக் கறையேறிக் கரும்பழுப்பாக இருந்தன. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் புளிக்காரம்மா.

"வூட்ட உள்ள வந்து பாக்கலாங்களா?" என்றாள்.

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் அந்த மாதத்தில் வேறு யாரும் வந்திருக்கவில்லை. "வாம்மா" என்றாள்.

புளிக்காரம்மா கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் யாரும் அதுவரை காலைக் கழுவியதில்லை. சுவரைத் தட்டவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. மழை பெய்தால் எந்தப் பக்கம் சத்தம் அதிகமாக வரும் என்று கேட்டாள். மழை பெய்து நாளாகியிருந்ததால் அம்மா யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பின்னறைக்கு வந்ததும் நின்றாள். ஜன்னலையும் மாதுளையையும் மலையையும் பார்த்தாள்.

"அக்கா, இங்க கொஞ்சம் படுத்துப் பாக்கட்டுங்களா?"

புளிக்காரம்மா பதிலுக்குக் காத்திருந்து, அம்மா தலையாட்டிய பிறகு, வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். பிறகு மல்லாந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தாள். "நின்னுக்கிட்டுப் பாத்தா எல்லா வூடும் நல்லாத்தாங்க இருக்குது. படுத்தாத்தான் தெரியும்" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீராகிவிட்டது. தூங்கிப்போயிருந்தாள்.

நானும் அக்காவும் நிலைப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் கதவில் ஒன்றை, வெயில் அவள் முகத்தில் படாதபடி, ஓசையில்லாமல் சாத்தினாள்.

அதற்குப் பிறகு சந்தைதோறும் வந்தாள். புளி விற்றுமுடித்ததும், ஊருக்குப் போகிற சாயங்கால பஸ் வரும்வரை எங்கள் வீட்டில்தான் இருப்பாள். ஒவ்வொரு முறையும் ஓர் அறையை முடிவு செய்வாள். கூடத்தில் புளி காயவைக்க மாட்டேன், அதுக்குக் கொல்லை இருக்குது என்பாள். அடுப்பு மேடை உயரம் சரி என்பாள். பின்னறையில்தான் அவளுடைய பெண் படுப்பாளாம்.

"எம் பொண்ணு அஞ்சாவது முடிச்சிட்டாங்க. எங்கூருல அதுக்கு மேல பள்ளிக்கூடம் இல்ல. இங்க பெரிய பள்ளிக்கூடம் இருக்குதில்லீங்க. தெனம் போயி வர அவுங்கப்பன் வுட மாட்டாரு. வூடு இங்கயே இருந்தா என்ன பண்ணுவாரு?"

அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவள்மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. என் ஜன்னல், என் மாதுளைப் பூக்கள், என் மலை. இரவில் பின்னறையில் படுத்தால், சுவரோரமாக இன்னொரு சிறுமியும் படுத்துக்கொண்டு மலையைப் பார்க்கிறாள் என்று தோன்றும். சில இரவு அவளோடு சண்டை போட்டேன். சில இரவு, போகட்டும் என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.

அம்மாவும் மாறிக்கொண்டிருந்தாள். சந்தை நாளில் பாலைக் கொஞ்சம் மிச்சம்பிடித்து வைப்பாள். இரண்டு பேரும் காபியை வைத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு வீட்டைப் பற்றியே இருக்கும். எந்த ஓடு ஒழுகும், எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், கொல்லையில் கீரை எங்கே விதைத்தால் வரும். வாங்க வந்த மற்றவர்களிடம் அம்மா மறைத்த குறைகள் அத்தனையும் இவளிடம் தானாகவே சொன்னாள். "நீ இருக்கப்போற வூடு, தெரிஞ்சிக்கணும் இல்ல" என்பாள்.

தரகருக்கு இது பிடிக்கவில்லை. "அது வாங்கற பார்ட்டி இல்லீங்கம்மா. பஸ்சுக்கு ஒதுங்க ஒரு எடம், அவ்வளவுதான். காபியக் குடுத்துக் கெடுக்காதீங்க" என்றார்.

தை மாதம் அவர் நிஜமான ஆள் ஒருவரைக் கூட்டிவந்தார். தானிய மண்டி முதலாளி. வீட்டுக்குள் வராமல் வாசலிலிருந்தே, "உள்ளாற தடுப்புச் சொவத்த எடுத்துட்டா எவ்வளவு மூட்டை நிக்கும்?" என்று தரகரைக் கேட்டார். அவருக்குக் கிடங்கு வேண்டியிருந்தது. கேட்ட விலை குறைவுதான். ஆனால் உடனே தருவதாகச் சொன்னார்.

அப்பா பெங்களூரிலிருந்து வந்திருந்தார். ஓட்டல் சாப்பாட்டில் இளைத்து, சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தனியாக நின்றது. அம்மா அவரிடம், "குடியிருக்கறவங்களுக்குக் குடுக்கலாங்க. புளிக்காரம்மா பங்குனியில பணம் தரேன்னு சொல்லியிருக்குது. இந்த வருசத்துப் புளி முடிஞ்சா கையில சேந்துருமாம்" என்றாள்.

"அந்தம்மா சொல்றத நம்பியா?"

"அது பொய் சொல்லாதுங்க."

அப்பா மண்டிக்காரரைத் திருப்பி அனுப்பினார். அடுத்த சந்தை நாளில் புளிக்காரம்மாவிடம் அவரே பேசினார். முன்பணமாக ஏதாவது கொடுத்து எழுதிக்கொள்ளலாமே என்றார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வூட்டுக்காரரு வருவாருங்க, வந்து பேசுவாருங்க" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை கேட்டால் பெண்பிள்ளை சொல்ல வேண்டிய பதில் அது ஒன்றுதான். நம் அம்மாக்கள் எல்லோரும் தெருவில் வந்த வியாபாரியிலிருந்து வரிக்காரர் வரைக்கும் அதையே சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மாசியில் அப்பா மறுபடி வந்தபோதும் அவள் வீட்டுக்காரர் வந்திருக்கவில்லை. பெங்களூரில் மாமா நெருக்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. "நாமளே போயி அந்த ஆளப் பாத்துருவோம்" என்று அப்பா கிளம்பினார். தரகரும் கூட வந்தார். பஸ் ஏற ஆசைப்பட்டு அழுததால் என்னையும் கூட்டிப்போனார்கள்.

அந்த ஊரை நெருங்கும்போதே காற்றில் புளி வாசம். சாலை ஓரத்து மரங்கள் எல்லாம் உலுக்கப்பட்டுக் கலைந்த தலையோடு நின்றன. அவள் வீடு தெருவின் கடைசியில். முற்றத்தில் மலை மாதிரி புளி குவிந்திருந்தது. புளிக்காரம்மா ஒரு கட்டையால் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் உயரத்தில் ஒரு பெண், பாவாடையில் புளியோட்டுத் தூள் படிய, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் இரவில் சண்டை போட்ட சிறுமி. என் கற்பனையில் அவளுக்குச் சுருட்டை முடி இருந்தது, நேரில் இல்லை.

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு ஆட்கள் இருந்தார்கள். அப்பா கும்பிட்டார்.

"வூட்டு விசயமா வந்தோங்க. உங்க சம்சாரம் மாசக்கணக்கா பாத்துட்டு இருக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"எந்த வூடுங்க?" என்றார் அவர்.

"எங்க வூடுதாங்க. பாப்பிரெட்டிப்பட்டியில."

"யாரு வாங்கறது?"

"உங்க சம்சாரம் பங்குனியில பணம் தரேன்னாங்களே."

கட்டை தட்டுகிற சத்தம் நின்றது. அவர் திரும்பிப் புளிக்காரம்மாவைப் பார்த்தார். மற்ற இரண்டு ஆட்களும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் சிரித்தார். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. ஒரு மூச்சு விட்டிருப்பாள். பிறகு முன்னைப் போலவே தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"அவ புளி தட்டறவ. அவளுக்கு ஏதுங்க அவ்வளவு காசு? வெளையாட்டுக்குச் சொல்லிருப்பா" என்றார் புருஷன். அவர் கோபப்படவில்லை. எங்களை மிகவும் மரியாதையாக நடத்தினார். பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்து, எனக்கும் அப்பாவுக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே வந்தார். எவ்வளவு தருவதாகச் சொன்னாள், எப்போதிருந்து வருகிறாள், கையில் கொஞ்சம் இருப்பதாகச் சொன்னாளா, இல்லை எல்லாமே இனிமேல் வரவேண்டியதா. அப்பா நல்ல மனுஷன். கேட்டதற்கெல்லாம் தெரிந்ததைச் சொன்னார்.

அந்தச் சோடாவின் சுரீர் என்ற ருசி இப்போதும் எனக்கு நாக்கில் இருக்கிறது. அவர் எதற்காகக் கேட்டார் என்பது, எனக்குக் கல்யாணமாகி, சொந்தமாக அடுக்களை டப்பாவில் ஏதோ சேர்த்துவைக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் சட்டென்று புரிந்தது.

பஸ்ஸில் தரகர், "நான் அப்பவே சொன்னேங்களே" என்றார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நல்லா ஏமாத்திப்புட்டா" என்றார்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கியது, அவள் கவனிக்கவில்லை.

"நீங்க சொன்னப்ப அது அங்கயே இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. வாயத் தொறக்கல."

அம்மா என்னிடம் திரும்பினாள். "அது மொகம் எப்படி இருந்துச்சு பாப்பா?"

"பாக்கல. தட்டிக்கிட்டே இருந்தாங்க" என்றேன்.

அம்மா குழம்புச் சட்டியை இறக்கிவைத்தாள். பிறகு, "அங்க போயிருக்கக் கூடாதுங்க நீங்க" என்றாள்.

"பின்ன? வூட்டுக்காரரு வருவாருன்னு அதுதானே சொல்லிச்சு?"

"நானுந்தான் சொல்றேன் எல்லாருகிட்டயும்" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் புளிக்காரம்மா வரவில்லை. சந்தை நாளில் அம்மா பால் மிச்சம்பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் அதை எனக்கும் அக்காவுக்கும் ஊற்றிக் கொடுப்பாள். ஒரு தடவை, சந்தைக்கே போகாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். புளி விற்கிற வரிசையில் வேறொரு கிழவி உட்கார்ந்திருந்தாள். "அதுங்களா? இப்ப வரதில்லீங்க" என்றாள். "ஏன்?" என்று அம்மா கேட்டாள். கிழவி தராசைத் துடைத்துக்கொண்டே, "வூட்டுல ஏதோ தகராறுங்க. அந்தாளு ஜோடி மாடு வாங்கியிருக்காரு" என்றாள். அம்மா தேவையில்லாமல் ஒரு வீசைப் புளி வாங்கினாள்.

பங்குனி போயிற்று. அந்த வெயில் காலம் என் ஞாபகத்தில் ஒரே நீளமான மத்தியானமாக இருக்கிறது. பலகையில் பெயிண்ட் உரிந்து 'இவ்வீடு வி' என்பது மட்டும் மிஞ்சியது. அக்கா பதினொன்றாவது முடித்துவிட்டு, மேலே எங்கே படிப்பது என்று தெரியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மலை எரிந்தது; ராத்திரியில் சித்தேரிப் பக்கம் நெருப்புக் கோடு ஒன்று ஜரிகை மாதிரி ஊர்ந்து ஏறுவதை நாங்கள் பின்னறை ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தோம். ஒருவரும் வீடு பார்க்க வரவில்லை. யாரும் வராத வீட்டில் ஒழுங்காக இருப்பதில் அர்த்தமில்லை என்று அம்மா ஒருநாள் கருவாடு வறுத்தாள்.

கடைசியில் தரகர் மண்டி முதலாளியை மறுபடி பிடித்துவந்தார். தையில் சொன்ன விலையை அவர் சொல்லவில்லை. அதற்கும் கீழே சொன்னார். அப்பா ஒத்துக்கொண்டார். மாமா கடையில் கூட்டாளி ஆகிற அளவுக்கு அது வரவில்லை. அப்பா கடைசிவரை அங்கே துணிதான் மடித்தார். ஆனால் அதை நாங்கள் பின்னால்தான் உணர்ந்தோம். அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

ஆனி மாதம் லாரி வந்தது. மிச்சமிருந்த பாத்திரம், பாய், படுக்கையை ஏற்றினார்கள். மண்டி ஆட்கள் அப்போதே கடப்பாரையோடு வந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் தெரு முனை திரும்புவதற்குள் உள்ளே தடுப்புச் சுவரில் முதல் அடி விழுந்தது. அம்மா முன் சீட்டில் என்னை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏரிக்கரைப் பக்கம் சாலை குறுகும் இடத்தில் எதிரே மாட்டுவண்டி வந்ததால் லாரி நின்றது. ஓரமாக ஒரு சின்ன ஓட்டு வீடு. அதன் வாசலில் ஒருத்தி விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள். புளிக்காரம்மா.

மெலிந்திருந்தாள். நெற்றியோரம் புதுத் தழும்பு ஒன்று. லாரிக்குள் அம்மாவைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, கெளம்பிட்டீங்களா? எறங்குங்கக்கா. வூட்டப் பாத்துட்டுப் போங்க."

"யாரு வூடு?" என்றாள் அம்மா.

"எங்க வூடுதாங்க. எம் பேர்லயே எழுதியாச்சு."

அம்மா என்னை இறக்கிவிட்டுத் தானும் இறங்கினாள். அப்பா எதிர்ப்பக்கம் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு. சுவரில் ஒரு துளை மாதிரி ஜன்னல். அதில் ஏரி தெரிந்தது, தண்ணீர் இல்லாத ஏரி, முழுக்கப் பச்சையாகச் செடி மண்டியிருந்தது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் பழைய பேப்பரில் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

புளிக்காரம்மா அம்மாவை நடத்திக் காட்டினாள். காட்ட அதிகம் இல்லை. ஆனாலும் அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அம்மா ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டாள். அடுப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் புகை வெளியே போகும் என்றாள்.

"பாதி போயிருச்சுங்கக்கா. எடுத்துக்கிட்டாரு" என்றாள் புளிக்காரம்மா. "மீதிய அந்தக் கெழவிகிட்ட குடுத்து வெச்சிருந்தேன், பக்கத்துல புளி விக்குமே, அதுகிட்ட. அதுல இது."

"அவரு?"

"வருவாருங்க எப்பவாச்சும். வாசல்ல உக்காந்து சோறு தின்னுட்டுப் போவாரு. உள்ளாற வரதில்ல."

அம்மா அவள் நெற்றியைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். புளிக்காரம்மா முந்திக்கொண்டாள். "அண்ணன் அன்னிக்கு வந்ததும் நல்லதுக்குத்தாங்க. இல்லாட்டி நான் சும்மா பாத்துக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

அம்மா அதை நம்பவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்து நானும் நம்பவில்லை. சொன்னவளும் நம்பித்தான் சொன்னாளா என்று தெரியாது. அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டாள். வெல்லக் காபி.

டிரைவர் ஹாரன் அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா இறங்கி வந்தார். நிலை மிகவும் தாழ்வு. நன்றாகக் குனிந்துதான் உள்ளே வர முடிந்தது. நிமிர்ந்ததும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணா" என்று அவள் பாயை விரித்தாள்.

அப்பா உட்கார்ந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தார். லாரி நிற்கிறது, டிரைவர் கத்துகிறார் என்கிற அவசரமே அவரிடம் இல்லை. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரிஜிஸ்டர் முடிஞ்சிதாம்மா?"

"முடிஞ்சிதுங்க."

"பத்திரம் யாருகிட்ட இருக்குது?"

"எங்கிட்டத்தாங்க."

"பத்திரமா வெச்சுக்க" என்றார் அப்பா. "யாரு வந்து கேட்டாலும் குடுக்காத. எங்க வெச்சிருக்கேன்னும் சொல்லாத." எழுந்தார். நிலைக்குக் குனிந்தவர், வெளியே போகாமல் அப்படியே நின்று, திரும்பாமல் சொன்னார். "நாளைக்கு நானே வந்து கேட்டாலும் சொல்லாத."

"சரிங்கண்ணா" என்றாள் அவள்.